தில்லிச் சாலையில் சிங்கம் எதற்கு?

2023-இல் ஜி20 மாநாட்டுக்காக ஊரைச் சோடித்தபோது விமான நிலையச் சாலைப் பக்கம் சிங்கங்களும் குதிரைகளும் சிலைகளாக வந்து நின்றன. தில்லியில் சிங்கம் இருப்பது மிருகக்காட்சி சாலையில் மட்டும்தான். செய்தவர் அதையாவது போய்ப் பார்த்தாரா என்று எனக்குச் சந்தேகம்.

இந்த எரிச்சல் வரும்போதெல்லாம் வங்கத்துச் சிற்பி ராம்கிங்கர் பைஜ் நினைவுக்கு வருவார். நாடாளுமன்றத் தெருவில் ரிசர்வ் வங்கி வாசலில் நிற்கும் யக்ஷனும் யக்ஷியும் அவர் செய்தவை. (நம்மவர்கள் பலர் தினமும் அந்த வழியாகத்தான் ஆபீஸ் போகிறார்கள். நிமிர்ந்து பார்ப்பதில்லை.) ஆனால் எனக்கு அவர் என்றால் சாந்திநிகேதனில் 1938-இல் செய்த 'சந்தால் குடும்பம்'தான். காவடித் தடியில் கூடை கட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான் சந்தால் பழங்குடி ஆள் ஒருவன். கூடைக்குள் பிள்ளை. பக்கத்தில் பெண்டாட்டி. கூடவே ஒரு நாய். நாயை விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. அந்த மக்கள் போவதையும் வருவதையும் தினம் பார்த்தவருக்குத்தான் நாய் ஞாபகம் வரும். வெண்கலத்துக்குக் காசு ஏது? சிமெண்டில் அந்த ஊர்ச் செஞ்சரளையைக் கலந்து கம்பிக்கூட்டின் மேல் கையாலேயே அப்பினார். பாங்குராவில் நாவிதர் வீட்டில் பிறந்தவர் என்பதாலோ என்னவோ, பரிதாபம் என்பதே அதில் கிடையாது. விறுவிறுவென்று நடக்கிறார்கள், அவ்வளவுதான்.

தினம் பார்த்ததைத்தான் சிலையாகச் செய்ய வேண்டும் என்று சொன்னால் ஆர்.கே.புரம் நண்பர் ஒருவர் மடக்குவார்: "அப்போ நம்ம ஐயனார் குதிரை? எந்தச் சம்சாரி வீட்ல குதிரை கட்டியிருந்தான்?"

நியாயமான கேள்வி. கைவினை அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள் அந்தச் சுடுமண் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் ஊரார் பிடிமண் எடுத்துக் கொடுத்தால்தான் குதிரை செய்யும் குயவரான வேளார் வேலையில் இறங்குவார். கண்மாய் மண், ஊர் வைக்கோல். குதிரையைக் கோயிலுக்குக் கொண்டுபோகும் புரவியெடுப்பு அன்று ஊரே தோளில் சுமந்து போகும். வேற்றூர் மிருகம் அப்படித்தான் ஊர் மிருகம் ஆனது. டெண்டரில் வந்த சிங்கத்துக்கு யார் பிடிமண் கொடுத்தார்கள்?

இங்கே மிருகத்துக்கா பஞ்சம்? ஜேஎன்யூ பல்கலைக்கழக வளாகத்தில் நீல்காய் மான் மேய்கிறது. ரிட்ஜ் காட்டில் நரி ஓடுகிறது. காசிப்பூர் குப்பைமேட்டில் மேலே பருந்துக் கூட்டம், கீழே குப்பை பொறுக்குகிறவர்கள். அடுத்த மாநாட்டுக்குப் பணம் ஒதுக்கும்போது அந்தப் பருந்தையும் சாக்குப்பையோடு நிற்கும் ஒரு பெண்ணையும் சேர்த்து யாராவது செய்யட்டும். விமான நிலையச் சாலையில் வைக்க விடமாட்டார்கள், தெரியும். காசிப்பூர் முக்கிலேயே வைக்கட்டும்.