வண்டிக்கடைக் காளானும் அயோடின் சொட்டும்

மதுரையில் வண்டிக்கடைக் காளான் மேல் அயோடின் விட்டதும் கருநீலமாகிவிட்டது, அதனால் அதில் விஷ ரசாயனம் இருக்கிறது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். நிறம் மாறியது உண்மைதான். ஆனால் அது காட்டுவது மாவுச்சத்தை, விஷத்தை அல்ல.

காளான் குழம்பு கெட்டியாகக் கார்ன்ஃப்ளோரைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக் கடைசியில் ஊற்றுவார்கள். நாலு கிண்டு கிண்டியதும் குழம்பு பளபளவென்று திரண்டு கரண்டியில் ஒட்டும். கார்ன்ஃப்ளோர் என்பது மக்காச்சோளத்திலிருந்து பிரித்தெடுத்த மாவுச்சத்து. மாவுச்சத்தில் அமைலோஸ் என்று ஒன்று சுருள் சுருளாக இருக்கும். அயோடின் அந்தச் சுருளுக்குள் போய் உட்காரும்போதுதான் நீலம் வருகிறது. பள்ளி ஆய்வகத்தில் எல்லோரும் செய்து பார்த்த சோதனைதான்.

வீட்டிலேயே பார்க்கலாம். மருந்துக்கடையில் டிங்சர் அயோடின் வாங்கி, கொஞ்சம் தண்ணீர் கலந்து, ஆறிய சோற்றுக் கஞ்சியில் இரண்டு சொட்டு விடுங்கள். அப்புறம் உருளைக்கிழங்குத் துண்டில், இட்லியில், நம்மூர் பரோட்டாவில். எல்லாம் நீலமாகும். சர்க்கரைத் தண்ணீரில் விட்டால் ஆகாது. சூடாக இருக்கும்போது சோதிக்காதீர்கள், நிறம் மறைந்துவிடும். சோதித்ததைச் சாப்பிடவும் வேண்டாம்.

வண்டிக்கடை எண்ணெய் பற்றிக் கேட்டால் எனக்கும் சந்தேகம் உண்டு, அது வேறு பேச்சு. அதை அயோடின் சொல்லாது.