சீனியர் அண்டர் ஆபீசர் ஆனால் நேரே லெப்டினன்டா?

"கல்லூரி என்.சி.சி.யில் (தேசிய மாணவர் படை) மாணவர்களுக்கான உயர்ந்த பதவியான சீனியர் அண்டர் ஆபீசர் ஆகி, அதன் உயர்ந்த சான்றிதழான 'சி' சான்றிதழும் வாங்கிவிட்டால் தேர்வே இல்லாமல் ராணுவ அதிகாரி ஆகலாம்" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் பலரும் நம்பிவிடுகிறார்கள்.

ராணுவத்தில் 'என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரி' என்றொரு வழி உண்டு. அதில் விலக்கு எழுத்துத் தேர்வுக்கு மட்டும்தான். 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடு, பட்டப்படிப்பில் 50 சதவீதம், வயது 19 முதல் 25, திருமணம் ஆகாதவர் என்று தகுதிகள் இருக்கின்றன. விண்ணப்பங்களை வடிகட்டிய பிறகு, அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமான எஸ்.எஸ்.பி.யின் நேர்காணல். ஐந்து நாள் நடக்கும் இதில் முதல் நாள் வடிகட்டலிலேயே ஊர் திரும்புவோர் ஏராளம். அணிவகுப்பில் கம்பீரமாக ஆணையிட்டவர் குழு விவாதத்தில் வாயடைத்து நிற்பதும் நடக்கும். உளவியல் தேர்வு, குழுப் பணிகள், தனி நேர்காணல், மருத்துவப் பரிசோதனை, தகுதிப் பட்டியல் எல்லாம் தாண்டினால்தான் சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி. கிடைப்பதும் குறுகிய காலப் பணிதான்: 10 ஆண்டு, விரும்பினால் இன்னும் 4.

சீனியர் அண்டர் ஆபீசர் என்பது மாணவர் படைக்குள் மட்டுமே செல்லும் பதவி. தோளில் பட்டை இருந்தாலும் அது ராணுவக் கமிஷன், அதாவது அதிகாரி நியமனம், ஆகாது.

"என்.சி.சி.யில் சேர்ந்தால் போருக்கு அனுப்பிவிடுவார்கள்" என்று பயப்படும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: உறுப்பினர் என்பதற்காக யாருக்கும் போர்ப்பணிக் கடமை கிடையாது. 1948 என்.சி.சி. சட்டத்திலேயே அப்படி இருக்கிறது.