போர்டைப் பார்க்காதீங்க, வக்காலத்தைப் பாருங்க

பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ ஒரு சீனியர் வக்கீல் காலமானால் கட்சிக்காரர் சொல்வது ஒன்றுதான்: "ஆபீஸ் இருக்குல்லா, ஜூனியர் தம்பி பாத்துக்கிடுவாவ."

பாத்துக்கிடலாம். ஆனால் அந்தத் தம்பி பெயரும் கையெழுத்தும் வக்காலத்தில் (வக்கீலை நியமித்து நீங்கள் கையெழுத்துப் போடும் தாளில்) இருக்கணும். சீனியர் ஒருவர் மட்டுமே கையெழுத்துப் போட்டிருந்தால், சிவில் வழக்கில் அவர் இறப்போடு அந்த வக்காலத்தும் முடிந்தது. கோர்ட்டில் பெயர் கூப்பிடுவார்கள், ஆள் இருக்காது. வாதி என்றால் தள்ளுபடி, பிரதிவாதி என்றால் எக்ஸ்பார்ட்டி, அதாவது உங்கள் தரப்பு இல்லாமலே வழக்கு நடக்கும். தள்ளுபடியானாலும் எக்ஸ்பார்ட்டி டிகிரி (தீர்ப்பாணை) ஆனாலும், அதை நீக்க மனுப் போட 30 நாள்தான். தாண்டினால் தாமத மன்னிப்பு மனு, ஒவ்வொரு நாளுக்கும் கணக்கு.

என்னைக் கேட்டால், வக்கீல் மாறுவதைவிட குமாஸ்தா மாறுவதுதான் ஆபத்து. அடுத்த வாய்தா அவர் டைரியிலும் வழக்குக் கட்டின் மேலட்டையிலும்தான் இருக்கும். தகவல் அவர் போனிலிருந்துதான் வரும். அதனால் உங்கள் வழக்குக்கென்றே உள்ள 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை இன்றைக்கே வாங்கி, இ-கோர்ட்ஸ் ஆப்பில் நீங்களே வாய்தா பாருங்க.

ஜூனியர் பிரிந்து தனி ஆபீஸ் போட்டு, நீங்களும் அவரோடு போகணும்னா பழைய வக்கீலின் சம்மதம் வேணும். புது வக்காலத்திலேயே 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதி வாங்குவது வழக்கம். தர மறுத்தால் காரணம் சொல்லி கோர்ட்டில் அனுமதி கேட்கலாம். பீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. (பாக்கி பாக்கிதான், அதைக் கொடுத்துவிடுவதுதான் மரியாதை.)

அதே ஜூனியர் எதிர்க்கட்சி வக்கீலிடம் சேர்ந்தால்? உங்கள் பிராதை (வழக்கு மனுவை) எழுதினவரோ, உங்களுக்காக ஆஜரானவரோ அதே வழக்கில் எதிராளிக்கு ஆஜராகக் கூடாது, இது பார் கவுன்சில் விதி. நீங்கள் சொன்ன ரகசியத்தை வக்காலத்து முடிந்த பிறகும் காக்கணும். குமாஸ்தாவுக்கும் அதே கட்டுப்பாடு. சீனியர் அரசு வக்கீலானால், பட்டா, நில எடுப்பு மாதிரி அரசை எதிர்த்த வழக்குக்கு வேறு ஆள் பார்க்கணும்.

கட்டைத் திரும்ப வாங்கும்போது பிராது, எதிருரை, இடைக்கால மனு உத்தரவுகள், சாட்சிய நகல் எல்லாம் இருக்கா என்று ஒவ்வொன்றாக எண்ணி, பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குங்க. அசல் பத்திரத்துக்கு ஆவண எண்ணும் வருஷமும் எழுதணும். கோர்ட்டில் சாட்சியமாக எண் போட்டுக் குறியீடு ஆன அசலை ஆபீசில் தேடிப் பயனில்லை. வழக்கு முடிந்து அப்பீல் காலமும் கடந்தபின் மனுப் போட்டு வாங்கலாம். முன்னாடியே வேணும்னா சான்றிட்ட நகலை வைத்துவிட்டு, கேட்டால் அசலைக் கொண்டுவருவேன் என்று எழுதிக் கொடுக்கணும்.