60 நாளாம், சிக்ஸ் பேக்காம்!

நாலு ரோட்டில் ஒரு ஜிம் பேனர்: "60 நாளில் 15 கிலோ கொழுப்பு போகும், 8 கிலோ தசை ஏறும், சிக்ஸ் பேக்!" கூடவே முன்னும் பின்னும் என்று இரண்டு படம். அதைப் பற்றிப் பேசவே கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரியும் இரண்டு பேர் என்னை டேக் செய்து, "தல, உங்களுக்கு எப்போ?" என்று சிரிப்பு பொம்மை போட்டிருக்கிறீர்கள். சரி, பேசியே விடலாம்.

60 நாளில் 15 கிலோ கொழுப்பு போய், அதே 60 நாளில் 8 கிலோ தசை ஏறாது. ஏறாது சாமி. ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது கிட்டத்தட்ட 7,700 கலோரி. 15 கிலோ கரைய தினம் 1,900 கலோரிக்கு மேல் பற்றாக்குறை வேண்டும். நம்மில் பலர் நாள் முழுக்கச் சாப்பிடுவதே 2,000 சொச்சம்தான், அப்புறம் காற்றைக் குடித்தா தசை வளர்ப்பது? முதல் வாரம் மளமளவென்று இறங்கும், உண்மைதான், அதில் பெரும்பங்கு தண்ணீர். கொழுப்பு வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ. தசையோ, புதிதாக ஆரம்பிக்கும் இளவட்டத்துக்கு எல்லாம் கூடி வந்தாலும் மாதம் ஒரு கிலோவை எட்டுவதே பெரிய விஷயம், போகப் போக அதுவும் குறையும்.

அந்த இரண்டு படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். முதலாவதில் டியூப்லைட், தொங்கிய தோள், வேண்டுமென்றே தள்ளிய வயிறு. அடுத்ததில் மேலிருந்து வெளிச்சம், உடம்பெல்லாம் எண்ணெய், இழுத்துப் பிடித்த மூச்சு. இதில் பாதி மாற்றம் ஒரே சாயங்காலத்தில் வரும்.

என் அக்கா பையனுக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. நைட் ஷிப்டு முடிந்து தூங்காமல் நேராக ஜிம். அக்கா அடுப்படியில் கேழ்வரகு மாவுக்குப் பக்கத்தில் அவனுடைய மாஸ் கெய்னர் (உடம்பு ஏற்றும் பவுடர்) டப்பா உட்கார்ந்திருக்கிறது. திருப்பிப் படித்தால் பாதிக்கு மேல் மாவுச்சத்து! "இந்தக் காசுக்கு முட்டையும் கொள்ளும் எவ்வளவு வாங்கலாம்டா" என்றேன், மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான். பேனரில் சொன்னது வரவில்லை என்றதும் ஜிம் மாஸ்டர் "ஒரு ஊசி போட்டுக்கோ" என்றிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது அங்கேதான். அந்த ஸ்டீராய்டு ஊசி, உடம்பு தானாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனை அடக்கிவிடும், விதை சுருங்கும், இதயத் தசை தடிக்கும். இன்னும் கல்யாணம்கூட ஆகாத பையன்.

"மோட்டிவேஷன் கொடுத்தால் உனக்கென்ன வயிற்றெரிச்சல்?" என்பீர்கள். பொய் சொல்லிக் கூட்டிப்போவதற்குப் பேர் மோட்டிவேஷனா? "நீ என்ன டாக்டரா?" இல்லை, கூட்டல் கழித்தல் தெரியும். "என் ஃப்ரெண்டுக்கு வந்ததே" என்று ஒருவர் விடாமல் சண்டை போடுகிறார். முன்பு பயிற்சி செய்து இடையில் நிறுத்தியவருக்குத் தசை சீக்கிரம் திரும்பும், ரொம்பப் பருமனானவருக்கு ஆரம்பத்தில் வேகமாக இறங்கும், ஒப்புக்கொள்கிறேன். அதையும் பேனரில் போடச் சொல்லுங்களேன், யார் வேண்டாம் என்றது?

நானும் வருஷக்கணக்காக எடை தூக்குகிறவன்தான். பெல்ட் ஓட்டை உள்ளே போயிருக்கிறது, தீர்த்தமலைப் படியில் மூச்சு வாங்குவதில்லை. ஆனால் இதெல்லாம் நம்ம ஊரில் கணக்கிலேயே வராது. காவேரிப்பட்டணம் கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்த உடனே ஒரு அத்தை, "என்னப்பா கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு, சுகரா?" என்றார். சாம்பார் வருவதற்குள் பக்கத்து இலை சித்தப்பா, "ஜிம்முக்குப் போறியாமே, ஒண்ணும் தெரியலையே" என்று நாலு பேர் பார்க்க என் கையைப் பிடித்து அமுக்கிப் பார்க்கிறார். அமுக்கிப் பார்த்து எடுக்க நான் என்ன பாலக்கோடு மண்டித் தக்காளியா?