பிரேக்குன்னா முழுசா பிடிக்கும், இல்லன்னா பிடிக்கவே பிடிக்காதா?

கம்ப்யூட்டர்ல ஃப்ளைட் சிமுலேட்டர் கேம்ல ஸ்பிட்ஃபயர ஓட்டிட்டு இறங்கியாச்சு மக்களே, ரெண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ்காரங்க ஓட்டின போர் விமானம் அது. மூணு சக்கரமும் தரைல. அம்பது நிமிஷம் பறந்து, திரும்பி வந்து, முன்னாடி இருக்கற ஓடுபாதையையே மறைக்கற அந்த நீள மூக்க வெச்சுக்கிட்டு வளைஞ்சு வளைஞ்சு வந்து, துள்ளாம பூ மாதிரி உக்கார வெச்சேன். வேகம் கொறைஞ்சு கொறைஞ்சு, நம்ம பெங்களூர் அவுட்டர் ரிங் ரோட்ல ராத்திரி ஆட்டோ போற வேகத்துக்கு வந்தாச்சு. அப்பதான் மூக்கு லேசா எடது பக்கம் போச்சு. லேசாதான். கீபோர்டுல 'ஈ' கீய ஒரு தட்டு, 'பி' கீய ஒரு தட்டு. அவ்ளோதான் பண்ணேன். வால் மேல தூக்கி, மூக்கு தரைல குத்தி, ப்ரொபெல்லரோட நாலு பிளேடும் போச்சு.

ராத்திரி ஒண்ணு இருவது. பக்கத்து கட்டில்ல ரூம்மேட் தூங்கறான், வாய் விட்டு கத்தக்கூட வழியில்ல. ஹெட்ஃபோன கழட்டி வெச்சுட்டு செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

ஸ்பிட்ஃபயர் மார்க் 9 ஓட்டறவங்களுக்கு இதெல்லாம் புரியும், அதுவும் கால்ல மிதிக்கற பெடல் இல்லாம ஓட்டறவங்களுக்கு நல்லாவே புரியும். என்கிட்ட இருக்கறது ஒரே ஒரு ஜாய்ஸ்டிக், அடில இஞ்சின் வேகத்த ஏத்தி எறக்க ஒரு த்ராட்டில் ஸ்லைடர். ஸ்டிக்க முறுக்கினா ரட்டர் ஆடணும், அதான் வால்ல இருந்து மூக்க எடது வலதா திருப்பற பலகை, ஆனா அந்த முறுக்கு ஆக்சிஸ் ஒரு வருஷம் முன்னாடியே செத்துப்போச்சு, தொடாமலே அதுவா நடுங்குது. அதனால ரட்டர் கீபோர்டுக்குப் போச்சு. க்யூ எடது, ஈ வலது. பிரேக் பி. கால் பண்ண வேண்டிய வேலைய வெரல் பண்ணுது, அதுவும் த்ராட்டில பிடிக்க வேண்டிய எடது கை வெரல்.

சரி, அந்த ரெண்டு தட்டுக்கு வருவோம். ரீப்ளேய பதினோரு தடவ போட்டுப் பாத்தேன், கால்வாசி வேகத்துல வெச்சு. ஸ்க்ரீன் மூலைல கண்ட்ரோல் எங்க இருக்குன்னு காட்டற சின்ன கட்டம் இருக்குல்ல, அதுல கீழ ஒரு சிவப்புப் புள்ளி, அதான் ரட்டர். நான் ஈ கீய தட்டினதும் அது நடுவுலேர்ந்து வலது கோடிக்கு ஓடுது. நான் வேணும்னு நெனச்சது ஒரு கால்வாசி. அது போனது கோடி வரைக்கும். அதே நேரம் பிரேக் கோடு அடிலேர்ந்து உச்சிக்கு ஒரே தாவு. வலது சக்கரம் பூட்டிக்குது, எடது சக்கரம் உருளுது, விமானம் வலது பக்கம் சுத்துது, எடது றெக்க சாயுது, வால் எழும்புது. மறுபடியும் பின்னாடி ஓட்டிப் பாத்தேன். மறுபடியும் அதே கோடி, அதே தாவு. ஒன்பதாவது தடவ பாக்கறப்ப கைய கவனிச்சேன், ஸ்டிக்க வயித்தோட சேத்து இழுத்துதான் பிடிச்சிருக்கேன், வால் கீழயே இருக்கணும்னு. அந்த வேகத்துல வால் மேல காத்தே இல்ல, எவ்ளோ இழுத்து என்ன?

நெஜ விமானத்துல இது எப்பிடி இருந்துச்சுன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் வயிறு இன்னும் எரியும். ஸ்பிட்ஃபயர்ல பிரேக் காத்தழுத்தத்துல வேல செய்யும், ஸ்டிக் மேல இருக்கற வட்டக் கைப்பிடிலயே சைக்கிள் பிரேக் மாதிரி ஒரு லீவர். எவ்ளோ அழுத்தறியோ அவ்ளோ பிடிக்கும். எந்த சக்கரத்துக்கு எவ்ளோ போகணும்ங்கறத கால்ல இருக்கற ரட்டர் பெடல் பிரிச்சுக் குடுக்கும். வால் சக்கரம் ஃப்ரீயா சுத்தும், அதுக்கு ஸ்டியரிங் கெடையாது, அதனால தரைல மெதுவா போறப்ப திருப்பறதுக்கு இந்த பிரேக்க விட்டா வேற வழியே இல்ல. அந்தக் காலத்துப் பையன் ரெண்டு வெரலால லேசா நசுக்கி, கால லேசா நீட்டி, நேரா கொண்டுபோய் நிறுத்தியிருப்பான். இந்த 'லேசா'ங்கற விஷயம் என் கீபோர்டுல கெடையாது. முழு ரட்டர், முழு பிரேக், ரெண்டையும் சேத்தா ஒரே சக்கரத்துல மொத்த பிரேக்கும். என்னைக்கு இருந்தாலும் மூக்குல குத்தத்தான் செய்யும்.

கெளம்பறப்பயும் இதே கததான். ஸ்பிட்ஃபயரோட மெர்லின் இஞ்சின் ப்ரொபெல்லர் உள்ளேர்ந்து பாத்தா கடிகாரம் மாதிரி வலது பக்கமா சுத்துது. த்ராட்டில் குடுத்த உடனே விமானம் எடது பக்கம் இழுக்கும், வால் தூக்கறப்ப இன்னொரு தடவ எடது பக்கம் இழுக்கும். வலது ரட்டர் வேணும், ஆனா ஒவ்வொரு நொடியும் வேற வேற அளவுல வேணும். கீபோர்டுல என்ன பண்றது? ஈ ஈ ஈ ஈன்னு தட்டிட்டே போறதுதான். ரட்டர ஒரு பக்கமா சாய்ச்சு வெக்கற ட்ரிம்ம முழுசா வலது பக்கம் வெச்சுட்டு, த்ராட்டில துளித்துளியா ஏத்தி, தட்டித் தட்டி ஏறிடுவேன், அதுக்கு எனக்கு நாலு மாசம் ஆச்சு. தரைல நின்னு நிதானமா கத்துக்கலாம்னா கூலன்ட் சூடாயிட்டே இருக்கும், றெக்கைக்கு அடில இருக்கற ரேடியேட்டருக்கு நின்ன எடத்துல காத்து பத்தாது. முன்னாடி என்ன இருக்குன்னு பாக்க பாம்பு மாதிரி வளைஞ்சு போகணும், வளையறதுக்கு அந்தப் பாழாப்போன பி கீதான் கெதி.

இத்தனையும் சகிச்சுக்கிட்டேன். ஞாயித்துக்கெழம மூணு மணி நேரம் உக்காந்து, ஒவ்வொரு ஆக்சிஸுக்கும் வளைவு வெச்சு, மூக்க மேல கீழ ஆட்டற எலிவேட்டர் லேசா தொட்டாலே ஆடுதுன்னு நடுவுல மழுக்கி வெச்சு, அத்தனையும் நோட்டுல எழுதிக்கூட வெச்சிருந்தேன். நேத்து சாயந்தரம் கேமுக்கு அப்டேட் வந்துச்சு. ஜாய்ஸ்டிக்க ஏதோ புது சாமான்னு நெனச்சு எல்லாத்தையும் அழிச்சுட்டு, அதுவா ஒரு செட்டிங் போட்டு வெச்சிருக்கு. த்ராட்டில் ஸ்லைடர தள்றேன், விமானம் உருளுது. செத்துப்போன முறுக்கு ஆக்சிஸ திரும்பவும் ரட்டர்ல கொண்டுவந்து சொருகியிருக்கு, நடுங்கிட்டே ஓடுபாதைல நிக்குது. ஆபீஸ்லேர்ந்து வந்து, சாப்டாம, பத்து மணிலேர்ந்து பன்னெண்டே கால் வரைக்கும் அந்த நோட்ட வெச்சு திரும்ப எல்லாத்தையும் ஏத்தினேன். அதுக்கப்புறம் பறந்ததுதான் அந்த அம்பது நிமிஷம்.

இஞ்சினுக்குள்ள கூலன்ட் எப்பிடி சூடாகுது, றெக்கைல இருக்கற ஃப்ளாப் எந்த வேகத்துல எறங்குது, எல்லாத்தையும் இவ்ளோ அக்கறையா செஞ்ச கேம் கம்பெனிக்காரங்களால கீபோர்ட் ரட்டருக்கு ஒரே ஒரு ஸ்லைடர் வெக்க முடியாதா? கீய அழுத்தினா எவ்ளோ வேகமா ஏறணும், எது வரைக்கும் போகணும், ரெண்டே ரெண்டு நம்பர். பிரேக்குக்கும் அதே ரெண்டு நம்பர். நான் எதையும் சுலபமாக்கச் சொல்லல. ஆட்டோ ரட்டர்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, அத போட்டா விமானம் என்கூடவே மல்லுக்கு நிக்குது. ஆன்லைன்ல எல்லாரும் சேந்து ஓட்டற நெறைய சர்வர்ல அத போடவும் விடமாட்டாங்க. எனக்கு உதவி வேணாம், லேசா மிதிக்கற ஒரு கால் போதும்.

இதே விமானத்தோட கதைலயே இதுக்கு பதில் இருக்கு. ஆரம்ப கால மெர்லின்ல மூக்க சடார்னு கீழ குத்தினா கார்புரேட்டர்ல பெட்ரோல் தாறுமாறாகி இஞ்சின் விக்கும், எதிரி ஜெர்மன்காரனோட மெஸ்ஸர்ஷ்மிட் 109க்கு பெட்ரோல பீச்சி அடிக்கற இஞ்செக்ஷன் இஞ்சின், அது பாட்டுக்கு முங்கி தப்பிச்சிடும். 1941ல பீட்ரிஸ் ஷில்லிங்னு ஒரு இஞ்சினியரம்மா, மோட்டார் பைக் ரேஸ் ஓட்டினவங்க, பெட்ரோல் வர்ற வழில ஓட்ட போட்ட ஒரு சின்ன உலோகத் துண்ட வெச்சாங்க. முழுத் தீர்வு இல்லதான், ஆனா விமானத்த பட்டறைக்கு அனுப்பாம, இருந்த எடத்துலயே மாட்டி, பாதித் தொல்லய தீத்துட்டாங்க. போர் நடக்கறப்பவே பைலட் சொன்னத காது குடுத்துக் கேட்டு ஒருத்தங்க அந்தத் துண்ட செஞ்சாங்க. நான் கேக்கறதும் அந்த மாதிரி ஒரு துண்டுதான். இந்த கேம் கம்பெனிக்காரங்களுக்கு ரெண்டு வருஷமா எழுதறேன், ஒரு பதில் இல்ல.

"அப்ப ஃபோக்க-வுல்ஃப் 190 ஓட்டு மச்சி"ன்னு ஒருத்தன் சொல்றான். தெரியும்டா. அந்த ஜெர்மன் விமானத்துல இஞ்சினுக்கு ஒரே லீவர்தான், ப்ரொபெல்லர் கோணத்துலேர்ந்து பெட்ரோல் கலவை வரைக்கும் அதுவே பாத்துக்கும். ஸ்டிக்க பின்னாடி இழுத்தா வால் சக்கரம் நேரா பூட்டிக்கும், சக்கரம் ரெண்டும் நல்லா அகலமா நிக்கும். கீபோர்ட் வெச்சிருக்கறவனுக்கு அதவிட நல்ல விமானம் கெடையாது, வாராவாரம் அதுல பறக்கறேன். அத டிசைன் பண்ண கர்ட் டாங்க், போருக்கப்புறம் 1956ல நம்ம பெங்களூருக்கே வந்து எச்.ஏ.எல் விமானத் தொழிற்சாலைல மாருத்ங்கற போர் ஜெட்ட உருவாக்கினவரு, அது 1961ல பறந்துச்சு. முருகேஷ்பாளையால என் வீட்டு மொட்ட மாடிலேர்ந்து பாத்தா அதே எச்.ஏ.எல் ஓடுபாத பக்கம்தான். மியூசியத்துல மாருத் முன்னாடி எத்தன தடவ நின்னிருக்கேன். அந்த மனுஷன் மேல எனக்கு அவ்ளோ மரியாத. ஆனா எனக்கு ஓட்டணும்னு இருக்கறது ஸ்பிட்ஃபயர். பர்மா போர்முனைல நம்ம விமானப்படை பசங்களே ஓட்டின விமானம் அது. நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் அந்த குறுகின காக்பிட்ல உக்காந்து, அந்தப் புழுக்கத்துல, ஒடுக்கமான ரெண்டு சக்கரத்த வெச்சுக்கிட்டு மண் ஓடுபாதைல எறக்கியிருப்பான். அத நானும் கைல உணரணும்னுதான் இவ்ளோ பாடு படறேன்.

அடுத்த கூட்டம், "பெடல் வாங்குங்க ப்ரோ". வாங்கறேன் ப்ரோ, நல்ல பெடலோட வெல என் பங்கு வாடகைக்கு மேல இருக்கு. சொந்தக்காரர் ஒருத்தர்கிட்ட பழைய பெடல் ஒண்ணு கடன் வாங்கி ஒரு வாரம் வெச்சும் பாத்தேன். என் நாற்காலிக்கு அடில சக்கரம். வலது பெடல மிதிச்சா பெடல் நகரல, நான் பின்னாடி போறேன். கயித்தால நாற்காலியையும் பெடலையும் சேத்துக் கட்டினேன், பெடல் டைல்ஸ்ல வழுக்கிட்டு கட்டில்ல போய் இடிச்சுச்சு, ரூம்மேட் முழிச்சுக்கிட்டான். சீட், ஸ்டாண்டு, பெடல் எல்லாம் வாங்கி ஒரு தனி ரூம் போட்டு விமானம் ஓட்டறவங்க சந்தோஷமா ஓட்டுங்க, ஆனா கீபோர்ட் வெச்சு ஓட்டறவன் கேக்கற ரெண்டு நம்பருக்கு குறுக்க வந்து "ரியலிசம் போயிடும்"னு எழுதாதீங்க. ஸ்பிட்ஃபயர்ல சக்கரம் தூக்கற லீவர் வலது பக்கம் இருக்கும், கெளம்பின உடனே பைலட் த்ராட்டில விட்டுட்டு, ஸ்டிக்க எடது கைக்கு மாத்தி, வலது கையால அந்த லீவர பிடிக்கணும், அந்த நேரத்துல விமானம் மேலயும் கீழயும் ஆடும். அவனுக்கும் கை பத்தலதான். ஆனா அவனுக்கு கால் இருந்துச்சு.

இதுக்கு மேல இன்னைக்கு காலைல நடந்தது. தட்டித் தட்டி அந்த ஈ கீயோட மேல் மூடி கழண்டு வந்துடுச்சு, அடில இருக்கற கொக்கி உடைஞ்சிருக்கு. ஒரே ஒரு மூடி வாங்கலாம்னு மத்தியானம் லீவு சொல்லிட்டு, கம்ப்யூட்டர் சாமான் கடைங்க இருக்கற எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். போக ஒண்ணேகால் மணி நேரம், அதுல டிரினிட்டி சர்க்கிள்ல மட்டும் இருவது நிமிஷம். ஏழு கட ஏறி எறங்கினேன். "ஒந்தே கீ சிகல்ல சார், ஃபுல் கீபோர்ட் தகோளி"ன்னு ஏழு கடலயும் கன்னடத்துல ஒரே பதில், ஒத்த கீ கெடைக்காதாம், முழு கீபோர்டா வாங்கணுமாம். மத்த கீ எல்லாம் நல்லா இருக்கு, ஒரு மூடிக்காக எதுக்குய்யா மொத்தத்தையும் தூக்கிப் போடணும்? பழைய கீபோர்ட் மூட்டையா மூலைல குமிச்சு வெச்சிருக்காங்க, அதுலேர்ந்து ஒண்ணு கழட்டிக் குடுங்கன்னா அது ஸ்க்ராப்புக்கு எடை போடறதாம், தொட விடமாட்டேங்கறாங்க.

திரும்பி வர ஒண்ணே முக்கா மணி நேரம். இப்ப இந்தப் பதிவுல வந்த ஒவ்வொரு எ, ஏவுக்கும் அந்த ரப்பர் மொட்ட நகத்தால குத்திக் குத்திதான் டைப் பண்ணியிருக்கேன், நகக்கண் வலிக்குது.