அந்தக் கல்வேலிக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது

யாழ்ப்பாணக் கடலில் இருக்கும் என் ஊர் நெடுந்தீவுக்குச் சுற்றுலா போன ஒரு தம்பி எடுத்த காணொளியை மூன்று நாளாக எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன், இனி அனுப்ப வேண்டாம். "உங்கட ஊர் என்ன வடிவு" என்று அன்போடு அனுப்பியவர்களோடு எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஏழாவது நிமிடத்தை ஒருவரும் கவனிக்கவில்லையா? "ஆளில்லாத தீவு" என்று சொல்லிக்கொண்டே அந்தத் தம்பி ஒரு கல்வேலியில் ஏறுகிறார். கல் சரிகிறது. கூட வந்தவர்கள் சிரிக்கிறார்கள். சரிந்த கல்லுக்கு நாலு எட்டுத் தள்ளி, கொடியில் உடுப்புக் காய்கிறது. ஒரு சின்னப் பிள்ளையின் வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை.

ஆளில்லாத தீவில் யாருடைய பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது?

நெடுந்தீவில் சனம் இருக்கிறது. மீன் பிடிக்கிறது, மாடு வளர்க்கிறது, பனையை நம்பி வாழ்கிறது. இதை ஒரு செய்தி போலச் சொல்லவேண்டி வந்ததே, அதுதான் எனக்கு வலிக்கிறது.

அந்த வேலியைப் பற்றிச் சொல்கிறேன். அதில் சாந்தும் இல்லை, சீமெந்தும் இல்லை. முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லை, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதுதான். என் அப்பப்பா வேலி அடுக்கும்போது ஒவ்வொரு கல்லையும் கையில் எடுத்து இரண்டு மூன்று தரம் திருப்பிப் பார்ப்பார். "அவசரப்படாதை, கல்லு தன்ர முகத்தைக் காட்டும்" என்பார். பெரிய கல்லை அவர் வைக்க, இடுக்குக்குள் இறுக்கச் சின்னச் சல்லி பொறுக்கிக் கொடுப்பது என் வேலை. முருகைக்கல் பல்லுப் பல்லாக இருக்கும், விரல் எல்லாம் கீறிவிடும். பின்னேரம் அப்பம்மா தேங்காயெண்ணெய் பூசிவிடுவார். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் அந்த இடுக்குகளுக்குள்ளால் காற்று ஊதிக்கொண்டு போகும். அந்தச் சத்தத்தில்தான் நான் நித்திரைகொண்டு வளர்ந்தேன். ஒரு ஆள் ஏறி மிதித்தால் அந்த வேலி நிற்காது. மிதிக்க அடுக்கியதில்லை அது.

"ஒரு கல்தானே, இதற்கா இவ்வளவு?" என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டு மதிலில் முன்பின் தெரியாத ஒருவர் ஏறி நின்று படம் பிடித்தால் என்ன செய்வீர்கள்? இதற்குமேல் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

"சுற்றுலா வந்தால் உங்கள் சனத்துக்குத்தானே வருமானம்?" சரி, உண்மைதான். ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கும் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்களுக்கும் அந்தக் காசு தேவை. வாருங்கள், தாராளமாக வாருங்கள். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பாவித்த கோட்டையைப் பாருங்கள். வெள்ளைக்காரர் காலத்தில் புறா வளர்க்கக் கட்டிய புறாக்கூட்டைப் பாருங்கள். அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்று சொல்லப்படும் பெருக்குமரத்தடியில் (பாவோபாப் மரம்) நின்று படம் எடுங்கள், ஆனால் அதன் உடம்பில் உங்கள் பெயரைக் கீறாதீர்கள். குதிரைகளைத் துரத்தாதீர்கள். வெள்ளைக்காரர் காலத்தில் வந்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் அவை. கடும் வரட்சியில் தண்ணீர் இல்லாமல் அவை செத்து விழுந்த வருடங்கள் உண்டு. குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு அலைகிற ஊர் அது. அப்படியிருந்தும் அம்மா வளவு வாசலில் ஒரு தொட்டி வைத்து வாளியால் நிரப்பிவிடுவார். காணொளியில் அந்தத் தம்பி ட்ரோனை இறக்கிக் குதிரைகளை ஓடவிட்டு "வாவ்" என்கிறார். ஓடின குதிரைக்குத் தாகம் எடுக்குமே, அது அவருக்குத் தோன்றவே இல்லை.

படகைப் பற்றியும் பேசியிருக்கிறார். புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் இருந்து எங்கள் தீவின் மாவிலித்துறைக்கு, கடல் நல்லாக இருந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அவருக்கு அது "சூப்பர் திரில்". எங்களுக்கு அது ஒன்றுதான் வழி. பிரசவத்துக்கு நாள் நெருங்கினால் முன்கூட்டியே கரைக்குப் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் காத்திருக்கவேண்டும். 1985 மே 15ஆம் திகதி இதே கடலில் குமுதினிப் படகில் போன எங்கள் சனங்கள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள். எங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சாதாரணமாக உச்சரிக்கமாட்டார்கள். அந்தக் கடலைத்தான் காணொளி முழுக்கப் பாட்டுப் போட்டுக் காட்டுகிறார்.

அவருக்கு வரலாறு தெரிந்திருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. யாரிடமாவது கேட்டிருக்கலாம். துறையில் பாய் விரித்துக் கருவாடு காயவைத்த அந்த அம்மாவிடம் கேட்டிருந்தால் ஒரு தேத்தண்ணியும் கொடுத்து எல்லாம் சொல்லியிருப்பார். அவரையும் படம் பிடித்திருக்கிறார்கள், தூரத்தில் இருந்து, ஒரு வார்த்தை பேசாமல்.

"நீயே கொழும்பில் இருக்கிறாய், உனக்கென்ன ஊர்ப்பற்று?" இதையும் எழுதுவீர்கள் என்று தெரியும். ஒரு ஆடி மாதம் அம்மம்மாவுக்கு இரவு ஒன்பது மணிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. கடல் கொந்தளிப்பு, எந்தப் படகும் இறங்கமுடியாது. விடியும்வரை அவருடைய உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டு இருந்தேன். காலையில் படகு வந்தது, ஆனால் அதற்குத் தேவை இருக்கவில்லை. எனக்கு அப்போது பதினாறு வயது. அந்த ஊரை விட்டு நான் வந்தது, அது பிடிக்காததால் அல்ல. "ஆளில்லாத தீவு" என்ற வார்த்தையைக் கேட்கும்போது அந்த இரவு முழுக்க நாங்கள் அங்கே இருக்கவே இல்லை என்று யாரோ சொல்வதுபோல இருக்கிறது. இதை எப்படி விளங்கப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்றுச் சின்னம்மாவுக்குப் போன் எடுத்து அந்த வேலி என்ன ஆனது என்று கேட்டேன். வளவுக்காரர் வயதானவர், குனிந்து கல் தூக்க முடியாது. பக்கத்து வீட்டுப் பெடியன் வந்து முடிந்தவரை அடுக்கிக் கொடுத்திருக்கிறான். இரண்டு கல் உடைந்துபோய்விட்டதாம். அந்த இடைவெளியால் ஆடு பூராமல் இருக்க, இப்போதைக்கு ஒரு பனைமட்டையைச் செருகி வைத்திருக்கிறாராம்.