பெடியளுக்குக் கஞ்சா வேண்டாம், சிறையும் வேண்டாம்

"ரீச்சர், கனடாவில கஞ்சா சட்டப்படி விக்கிறாங்கள். இங்க மட்டும் ஏன் பொலிஸ் பிடிக்குது?" இலங்கையில், வன்னியில் நான் படிப்பிக்கிற ஏ.எல் (உயர்தர) வகுப்பில் இந்தக் கேள்வி இப்போது நேராகவே வருகிறது. கேட்கிற பிள்ளையை அதட்டி இருத்தினால், அவன் பதிலைத் தேடி யூரியூப்பிற்குத்தான் போவான். அதனால் வகுப்பில் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

கனடாவில் 2018 ஒக்ரோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வம், உண்மைதான். ஆனால் யாருக்கு? மத்திய சட்டப்படி குறைந்த வயது 18. எங்கள் ஆட்கள் அதிகம் இருக்கிற ஒன்ராறியோவில் 19. கியூபெக்கில் முதலில் 18 என்று வைத்துவிட்டு, 2020இல் 21 ஆக்கினார்கள். வயது குறைந்த பிள்ளைக்கு விற்றால் 14 வருடம் வரை சிறை. ஜேர்மனி 2024 ஏப்ரலில் அனுமதித்ததும் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான். அதிலும் கஞ்சா வளர்த்து உறுப்பினருக்குக் கொடுக்கிற கழகங்களில் 21 வயது வரை கொடுக்கும் அளவும் வீரியமும் குறைவு. தாய்லாந்து 2022இல் தடையை நீக்கியது, 2025இல் வைத்தியரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று திரும்பவும் இறுக்கியது. ரொறன்ரோவிலிருந்து லீவில் வந்து குளக்கட்டில் இருந்துகொண்டு "எங்கட நாட்டில இதெல்லாம் பிரச்சினையே இல்லை" என்று பெடியளுக்குச் சொல்கிற அண்ணாமார், இந்த மிச்சக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வயதை ஏன் பார்க்கிறார்கள்? மூளை இருபத்தைந்து வயதை அண்டியும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. பதின்ம வயதில் நாளாந்தம் புகைக்கிறவர்களுக்கு ஞாபகமும் கவனமும் குறைவதையும், இல்லாத குரல் கேட்பது, எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாக நம்புவது போன்ற மனநோய் வருகிற ஆபத்து கூடுவதையும் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எல்லோருக்கும் வருவதில்லை. குடும்பத்தில் ஏற்கெனவே அப்படியான நோய் இருந்தாலோ, சின்ன வயதில் பெரிய அதிர்ச்சியைக் கண்டிருந்தாலோ ஆபத்து அதிகம்.

அந்தக் கடைசி வசனத்தை வன்னியில் இருந்து ஒருக்கால் வாசித்துப் பாருங்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் தாயின் கையில் இருந்த குழந்தைகள் இன்று பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். செட்டிகுளம் முகாமில் நடக்கப் பழகியவர்கள் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். தகப்பன் காணாமல் போன வீடு, இரவில் அலறி எழும்புகிற தாய், உடம்பில் செல் துண்டோடு வாழ்கிற மாமா, இதெல்லாம் எங்கள் பிள்ளைகள் வளர்ந்த சூழல். கனடாப் பெடியனுக்கே 19 வரை பொறு என்கிறபோது, எங்கள் பெடியனுக்கு இன்னும் கூடுதலாகவே பயப்பட வேண்டியிருக்கிறது. "சிவபெருமானே குடிச்சவர்", "அது மூலிகைதானே" என்பவர்களிடம் ஒன்று சொல்கிறேன். சித்த, ஆயுர்வேத வைத்தியர் பக்குவம் செய்து அளவோடு கொடுத்த மருந்து வேறு, சிகரெட் தூளை உதிர்த்துவிட்டு உள்ளே அடைத்து நாலு பேர் மாறி மாறி இழுப்பது வேறு.

வயதெல்லை போட்டு அனுமதிக்கலாமே என்றும் கேட்கிறார்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட்டும் சாராயமும் விற்கக்கூடாது என்று 2006ஆம் ஆண்டே இந்த நாட்டில் சட்டம் வந்துவிட்டது. எங்கள் ஊர்க் கடையில் "அப்பா வாங்கிவரச் சொன்னவர்" என்றால் சிகரெட் கைக்கு வந்துவிடும். மாவா என்கிற போதைப் பாக்குக்கு அந்தப் பொய்கூடத் தேவையில்லை. முதலில் அந்தச் சட்டத்தை ஒரு கடையிலாவது நடத்திக் காட்டட்டும், கஞ்சாவுக்கு வயதெல்லை பற்றிப் பிறகு பேசுவோம். வளர்ந்தவர்களுக்கு அனுமதிக்கலாமா என்பது தனி விவாதம்; அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

சரி, இப்போது மற்றப் பக்கம். இதை வாசித்துவிட்டு "ஓம் ரீச்சர், பிடிச்சு உள்ள போடோணும்" என்று எழுதப்போகிறவர்களுக்காக.

ஒரு தாய் இடைவேளை மணி அடிக்கும்வரை சைக்கிள் கொட்டிலடியில் காத்து நின்றார். கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் மகனின் அடையாள அட்டைப் பிரதி, நீதிமன்றத்தில் தண்டம் கட்டிய துண்டு, போன தவணை மாணவர் தேர்ச்சி அறிக்கை. கணக்கில் எழுபதுக்கு மேல் எடுத்திருந்தான். "தண்டம் கட்டியாச்சு ரீச்சர். இனி வகுப்புக்கு விடுவினமோ?" என்று கேட்டார். காதில் தோடு இல்லை, ஈர்க்குத் துண்டு செருகியிருந்தது. பாடசாலை அவனைக் "கொஞ்ச நாளைக்கு" வரவேண்டாம் என்றது. எவ்வளவு நாள் என்று யாரும் சொல்லவில்லை. அவன் பிறகு வரவேயில்லை. மண் டிப்பரில் உதவிக்குப் போகிறான் என்று கேள்வி. அவன் பிடிபட்டது காற்சட்டைப் பைக்குள் மடித்து வைத்த ஒரு சின்னக் கஞ்சாச் சரையோடு. அதை அவனுக்கு விற்றவர் அதே சந்தியில் இப்போதும் நிற்கிறார்.

இப்படிப் பிடித்ததில் யாருக்கு என்ன லாபம்? நாளைக்கு அவன் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்தால் பொலிஸ் சான்றிதழ் கேட்பார்கள், அந்த வழக்கு முன்னால் வந்து நிற்கும். தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். அந்தக் கடலால் பொதி பொதியாகக் கேரளக் கஞ்சாவை இறக்குகிறவனுக்குச் சட்டத்தரணி வைக்கக் காசு இருக்கிறது. இந்தத் தாயிடம் இருந்தது தோடு.

புனர்வாழ்வுக்கு அனுப்பலாம் என்கிறார்கள். கந்தக்காடு முகாமில் ஒருகாலத்தில் முன்னாள் போராளிகளை வைத்திருந்தார்கள், பிறகு போதைக்கு அடிமையானவர்களை வைத்தார்கள், 2022இல் அங்கே கலவரம் வெடித்து நூற்றுக்கணக்கானவர்கள் தப்பி ஓடினார்கள். இராணுவம் நடத்துகிற முகாமுக்குள் ஒரு வன்னிப் பிள்ளையை விட்டுவிட்டு எந்தத் தாய் நித்திரை கொள்வாள்? போர்த்துக்கல் 2001இல் வேறு வழியில் போனது. சொந்தப் பாவனைக்குச் சின்ன அளவு வைத்திருந்தால் அது அங்கே குற்ற வழக்கு இல்லை, ஆனால் சட்டபூர்வமும் இல்லை. பிடிபட்டவர் ஒரு குழுவின் முன் போக வேண்டும், அதில் உளவியல், சமூகப்பணி தெரிந்தவர்களும் இருப்பார்கள். எங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும், அதுவும் தமிழில் பேசுகிற ஆட்களோடு.

அது வரும்வரை செய்யக்கூடியதும் இருக்கிறது. அதிபர்மாரே, பிடிபட்ட பிள்ளையை வரவேண்டாம் என்று சொல்லாதீர்கள். வகுப்பில் இருக்கும்வரைதான் அவனோடு பேச எங்களுக்கு ஒரு வழி. பெற்றோரே, மாவட்ட வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. "விசர் ஆஸ்பத்திரி" என்று ஊர் சொல்லும் என்பதற்காகப் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டாதீர்கள். அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926. கைபேசியில் இப்போதே பதிந்து வையுங்கள்.